உப்புக் காத்து பட்டா போச்சு மேடம்

“அந்தமானுக்கெல்லாம் தர்றதில்ல மேடம்.”

சென்னை வடபழனியிலிருந்து ஒருவர் போனில் இப்படிச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. என்னை அவமதிக்கிறோம் என்ற நினைப்பும் இல்லை. கைக்குழந்தையிடம் கத்தியைக் கொடுக்க மாட்டேன் என்பதுபோல ரொம்ப நியாயமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரிடம் இருந்தது ஒரு பழைய மைக். பாட்டுப் பதிவு செய்கிற ஸ்டூடியோக்களில் பாடுகிறவர் முகத்துக்கு எதிரே தொங்குமே, பெரிய டம்ளர் அளவில், வலை போட்ட தலையோடு, அந்த வகை. கண்டென்சர் மைக் என்பார்கள். அதற்குள்ளே தங்கம் பூசிய மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். மூச்சு பட்டாலே அதிரும். அவ்வளவு மெல்லிசு. இந்த மைக் வெளிநாட்டில் செய்தது, என்னைவிட வயதில் மூத்தது. மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் சாமான்களை மொத்தமாக எடுத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

“ஏன் தர மாட்டீங்க?”

“அங்க ஹ்யூமிடிட்டி மேடம். உப்புக் காத்து பட்டா போச்சு. இதெல்லாம் கொழந்த மாதிரி பாத்துக்கணும்.”

“மெட்ராஸ் கடல்ல மட்டும் சர்க்கரையா கரைச்சு வச்சிருக்கு?”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, “தப்பா நெனைக்காதீங்க, அங்க கரண்ட்லாம் ரெகுலரா வருமா?” என்று கேட்டார். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. மெயின்லேண்டில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கேட்பார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் கேட்பார்கள். ‘தமிழ் நல்லாப் பேசுறீங்களே’ என்று பாராட்டு வேறு. எங்கள் அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து வலையோடு வந்தவர். வீட்டில் வேறு என்ன பேசுவோம்?

வேறு நாளாக இருந்தால் போனை வைத்திருப்பேன். அன்றைக்கு வைக்க முடியவில்லை. என் தங்கைக்குக் கழுத்தில் கட்டி.

கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பெரிதாகிக்கொண்டே போனது, எடுத்தாக வேண்டும். இங்கே பார்த்த டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். சென்னை டாக்டர், குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் போகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கொஞ்சம் மாறலாம் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது.

என் தங்கையின் குரலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மாதா கோயிலில் திருப்பாடல் பாடுகிறவள் அவள்தான். பெண் குரல் என்றால் உயரே போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அவள் குரல் முதலில் பிடிக்காது. அது கீழே இருக்கும். அகலமாக இருக்கும். லம்பா லைனில் என் வீட்டு கேட்டில் நின்று ‘யக்கா’ என்று கூப்பிட்டால் தெரு முனையில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நிற்கும். அவள் வீட்டுக்காரர் அவளைப் பெண் கேட்டு வந்ததே ஒரு பூசையில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டுத்தான். முகத்தை அன்றைக்குச் சரியாகப் பார்க்கவே இல்லையாம். தூண் மறைத்துவிட்டதாம்.

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு ஒலிக்கதை படித்து அனுப்புகிறவள் நான். புடவை அலமாரிதான் என் ஸ்டூடியோ. கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, தொங்கும் புடவைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். விமானத்தைக் குடிக்காது. ஏர்போர்ட் பக்கத்தில் குடியிருக்கிறவளுக்கு விமானங்கள் அடங்கிய பிறகுதான் கதை.

டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த வாரமே தங்கையை அந்த அலமாரிக்குள் உட்காரவைத்து, என்னிடமிருந்த சின்ன மைக்கில் ஒரு பாட்டுப் பிடித்துப் பார்த்தேன். கேட்டால் யாரோ ஒரு மெலிந்த பெண் பாடுகிறாள். மேல் சத்தம் மட்டும் இருந்தது. கீழே இருந்த அவள் முழுக்க எங்கோ வடிந்துபோயிருந்தாள். சோறு வெந்த வீட்டில் கஞ்சித் தண்ணீரை மட்டும் எடுத்து வைத்ததுபோல இருந்தது. இந்தக் குரல் போய்விட்டால் இதுவா மிச்சம்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நல்ல பெரிய மைக் ஒன்று வாங்கியே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

“எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்” என்றாள் தங்கை.

“உனக்கில்ல, எனக்கு” என்றேன்.

அதனால்தான் வடபழனிக்காரரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். அவர் கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். மைக்கை எங்கே வைப்பேன் என்று வீடியோவில் காட்ட வேண்டுமாம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. நான் திறந்து காட்டினேன். புடவைகளைக் காட்டினேன், ஈரம் உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா பொட்டலங்களைக் காட்டினேன், கரண்ட் இருக்கிறது என்று விளக்கைப் போட்டு அணைத்தும் காட்டினேன். “பரவால்ல மேடம், நீட்டா வச்சிருக்கீங்க” என்றார். அந்தப் ‘பரவால்ல’வை நான் இன்னும் மறக்கவில்லை.

விலையைச் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் இதைப் படிக்கக்கூடும்.

வாங்கியது பெரிதில்லை, வந்து சேர வேண்டுமே. எங்கள் பின்கோடைப் போட்டால் பாதி கூரியர்கள் சேவை இல்லை என்கின்றன. வருகிறவர்கள் பெட்டியைக் கப்பலில் எங்கோ அடியில் போட்டு, எப்போதோ கொண்டுவருவார்கள். ஆகவே தீவுக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ‘யார் வர்றாங்க?’ என்று விசாரித்தேன். மெயின்லேண்டிலிருந்து ஒருவர் கிளம்புகிறார் என்றால் அவருடைய பெட்டியில் அவருடைய துணி கொஞ்சம்தான் இருக்கும். மீதியெல்லாம் அடுத்த வீட்டு மருந்து, எதிர்வீட்டு மிக்சி ஜார், யாருடைய மகளுக்கோ தைத்த ரவிக்கை. வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.

வருகிறவர் வேறு யாருமில்லை, தங்கையின் வீட்டுக்காரர்தான். ஜங்லிகாட்டில் மீன்பிடிப் படகுகளின் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவர். உதிரிபாகம் வாங்கச் சென்னை போயிருந்தார், கப்பலில் திரும்புவதாக இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் சட்டைப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. தையல் மிஷினுக்குப் போடுவோமே, அந்தச் சின்ன எண்ணெய்க் குப்பி இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்டின் கொண்டிக்கு இரண்டு சொட்டு விடுவார்.

அவர் போய் மைக்கை வாங்கினார். வடபழனிக்காரர் அவரை உட்காரவைத்து வகுப்பே எடுத்திருக்கிறார். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாராம். ஈரம், உப்பு, பூஞ்சை என்று பயமுறுத்தினாராம். உங்கள் ஊர்க் காற்று பட்டால் உள்ளே இருப்பது அரித்துப் போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அதற்குப் பிறகு ஹெட்போனை மாட்டிவிட்டு, அவரையே பேசச் சொல்லிக் கேட்கவைத்தாராம்.

கப்பல் வந்தது. துறைமுகத்திலிருந்து ஆட்டோ பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தார். தங்கையும் டெலானிபூர் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். கப்பல் பயணம் முழுக்கப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்ததாகச் சொன்னார். சாப்பிடப் போகும்போதும் தூக்கிக்கொண்டு போனாராம். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. சாயங்காலம் கடைசி விமானம் போனதும் மைக்கை அலமாரிக்குள் மாட்டினேன். லேப்டாப்பில் பதிவைத் தட்டினேன். தங்கையை ஒரு வரி பாடச் சொன்னேன்.

கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுகிறதுபோல் கேட்டது. இடையில் தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று வெடிப்பு.

கேபிளை மாற்றினேன். கரண்ட் கொடுக்கும் பெட்டியை மாற்றினேன். அதே கம்பளி, அதே கடுகு. போனை எடுத்து வடபழனிக்காரரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“நான் அப்பவே சொன்னேன்ல மேடம்” என்றார் அவர். “உங்க காத்து.”

“காத்தா? பெட்டியத் தொறந்து ஒரு டீ குடிக்கிற நேரங்கூட ஆகல இன்னும்!”

“கப்பல்ல வந்துச்சுல்ல மேடம். அந்தக் காத்துக்கு அது போதும்.”

அதற்கு மேல் நான் சும்மா இருப்பேனா? செத்துப்போன சாமானை எங்கள் தலையில் கட்டிவிட்டு எங்கள் காற்றைக் குறை சொல்கிறீர்களா என்று ஆரம்பித்தேன். இந்தக் காற்றில் ரேடியோ பாடுகிறது, டிவி ஓடுகிறது, நாங்கள் ஓடுகிறோம், எங்கள் நுரையீரல் என்ன துருவா பிடித்துக் கிடக்கிறது என்று கேட்டேன். தீவுக்காரி என்றால் இளிச்சவாய் என்று நினைத்துவிட்டீர்கள் என்றேன். அவர் நடுவில் நடுவில் “சார் முன்னாடிதான் டெஸ்ட் பண்ணிக் குடுத்தேன் மேடம், சாரையே கேளுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கை வீட்டுக்காரர் அதுவரை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எனக்காகப் பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. போனைப் பார்த்து, இன்ஜின் ரிப்பேரில் வாடிக்கையாளரிடம் உறுதி சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“உப்புக் காத்து பட சான்ஸே இல்ல சார். மைனி, நீங்க பயப்படாதீக. கப்பல்ல ஏறினதுமே நான் மைக்கு வலையக் கழத்திட்டேன். உள்ள பூரா ஆயில் போட்டுட்டேன்லா. கராப் ஆவவே ஆவாது.”

போனில் ஒரு பஸ் ஹார்ன் கேட்டது.

“மேடம்,” என்றார் வடபழனிக்காரர், மிக மெதுவாக, “நான் வச்சிடுறேன்.”

நான் கேபிளைக்கூடப் பிடுங்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மைக்கின் தலையைத் திறந்தேன். தையல் மிஷின் எண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. அந்தத் தங்கச் சவ்வு இரண்டு பக்கமும் பளபளவென்று நனைந்திருந்தது. விரலால் ஒழுங்காகத் தடவியிருக்கிறார். ஓரம்கூட விடவில்லை.

மெயின்லேண்ட் ஆட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இங்கே இருப்பவர்களுக்கு இராது. இந்தத் தீவில் உலோகம் என்று எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அதற்கு எண்ணெய்தான். கத்தரிக்கோல், குடைக் கம்பி, பூட்டு, அடுப்பு பர்னர், சைக்கிள், ஜன்னல் கொக்கி எல்லாவற்றுக்கும். போடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் கையோடு உதிர்ந்து வரும். உப்புக் காற்று பட்டால் போச்சு என்று அந்த மனிதர் அவரிடம் அத்தனை தடவை சொன்னால், அவர் வேறு என்ன செய்வார்? பயமுறுத்தத் தெரிந்தவருக்கு, உள்ளே கை வைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. இதையெல்லாம் நான் இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு நிதானம் இல்லை.

“உனக்கு அறிவிருக்கா?” என்றேன். அவரை அதுவரை ‘வாங்க தம்பி, போங்க தம்பி’ என்றே பேசிவந்தவள். “இது என்ன உன் படகு இன்ஜினா? அவ குரலு போகப்போகுது, அதப் பிடிச்சு வைக்க இருந்த ஒன்னையும் எண்ணெயில முக்கிட்டியே!”

அவர் எழுந்தார். டீ டம்ளரைச் சமையலறையில் கழுவிக் கவிழ்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேட்டின் கொண்டி சத்தமே போடவில்லை.

அதற்குப் பிறகுதான் என் தங்கை எழுந்தாள். அவள் என்னைத் திட்டியதை இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு வேறு இடம் இருக்கிறது. தெரு நாய்கள் எழுந்தன என்று மட்டும் சொல்லலாம். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் முடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். நான் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் மூடினேன். சேமிக்கவா என்று ஏதோ கேட்டது. எதற்கு ஆமாம் சொல்கிறேன் என்று பார்க்காமல் ஆமாம் என்று தட்டினேன்.

மறுநாள் அவர் வந்தார். எதுவும் நடக்காததுபோல ‘மைனி’ என்றார். நான் எதுவும் நடக்காததுபோல ‘வாங்க தம்பி’ என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் டீ போடப் போனேன். தங்கையும் வந்தாள். பழைய சின்ன மைக்கில் அவளுக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடினாள். பிழையில்லாமல் பாடினாள். எல்லாம் கஞ்சித் தண்ணீர். கூடுதலாகப் போனிலும் பிடித்தேன், அதுவும் அப்படியே. பிறகு அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போனது, உயிருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு நன்றி சொல்லாமல் குறை பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குக் குறை இருக்கிறது. அவள் பேசினால் இப்போது வார்த்தையைவிடக் காற்று அதிகம் வருகிறது. கீழே இருந்த அந்த அகலம் இல்லை. பயிற்சி செய்தால் திரும்பலாம் என்கிறார்கள். ‘கொஞ்சம்’ என்றவர்கள்தானே, ‘லாம்’ என்றும் சொல்வார்கள். பயிற்சி செய்கிறாள். கோயிலில் திருப்பாடலை இப்போது வேறொரு பெண் பாடுகிறாள், உயரே. என் வீட்டுக்கு வந்தால் என் தங்கை கேட்டில் நின்று கைதட்டுகிறாள். நாய்கள் படுத்தே கிடக்கின்றன.

அந்த மைக்கை நான் தூக்கிப் போடவில்லை, துணியில் சுற்றி வைத்திருந்தேன். இப்படிப்பட்டவற்றைச் சுத்தம் செய்து தருகிறவர் ஒருவர் பெங்களூரில் இருப்பதாகத் தெரிந்து எழுதிக் கேட்டேன். ‘ஓ, அந்தமானா? ஹ்யூமிடிட்டியாகத்தான் இருக்கும்’ என்று அவரும் எழுதினார். இவர்களுக்கெல்லாம் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது. எண்ணெய் என்று திருப்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. சத்தம் எப்படி இருக்கிறது என்று ஒரு சாம்பிள் அனுப்பச் சொன்னார். அன்றைக்குப் பிடித்த அந்த ஒரு வரி லேப்டாப்பில் இருக்கிறதா என்று தேடினேன்.

இருந்தது. ஆனால் ஒரு வரி அளவுக்கு இல்லை, மிக நீளமாக இருந்தது. பதிவை நான் நிறுத்தவே இல்லை.

அலமாரிக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். கடுகு வெடிக்கிறது. போனில் நான் போட்ட சண்டை கேட்கிறது. என் குரல் என் குரலாகவே இல்லை. மேல் சத்தத்தையெல்லாம் அந்த எண்ணெய் தின்றுவிட்டது, நான் போர்வைக்குள்ளிருந்து கத்துகிறவள்போல் இருந்தேன். ஸ்க்ரூ கழல்கிறது. அவரைத் திட்டுகிறேன். டம்ளர் கழுவும் தண்ணீர்ச் சத்தம். பிறகு,

“யாரப் பாத்துக்கா ‘நீ’ங்குற?”

நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது அவள். மெலியவில்லை, வடியவில்லை. மேல் சத்தத்தைத் தின்ற எண்ணெய் கீழ்ச் சத்தத்தைத் தொடவே இல்லை. அந்த அகலம் அப்படியே இருந்தது. வாசலில் நின்று கூப்பிடுகிறவள் அலமாரிக்குள் என் புடவைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைத் திட்டினாள்.

“அவரு என்ன தெரிஞ்சா செஞ்சாரு? கப்பல் பூரா மடியில வச்சுக் கொண்டாந்தாரு, எனக்காகத்தான? என் குரலு போனா எனக்குப் போகுது, அவரு ஏன் ஒங்கிட்ட ஏச்சு வாங்கணும்? குரலு இல்லன்னாலும் அவரு என்னய வச்சுக் காப்பாத்துவாரு. வரட்டும். வந்ததும் மன்னிப்புக் கேப்பியா, மாட்டியா?”

அதற்குப் பிறகு கடுகுதான் வெடிக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரை நான் அலமாரிக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் திட்டியது வரைக்கும் தள்ளிவிட்டு, தங்கை பேச ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். அன்றைக்கு அவர்தான் வெளியே போய்விட்டாரே, இதை அவர் கேட்டதே இல்லை.

தட்டினேன். அவர் முதலில் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். என் பச்சைப் புடவையின் முந்தானை அவர் தோளில் கிடந்தது, அதை அவர் ஒதுக்கவும் இல்லை.

“தம்பி,” என்றேன் நான். “அன்னைக்கு நான் பேசினதத் தப்பா எடுத்துக்காதீங்க. மன்னிச்சுக்கோங்க.”

அவருக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார், இன்னொரு தடவை போடச் சொல்லி.